பெரியம்மா எடுத்த கட்சி

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு பித்தளைத் தாம்பாளம் உண்டு. வருடத்தில் ஒரே ஒரு பிற்பகல் மட்டும் அதற்குச் சாமி வேலை கிடையாது. திருவிழாவில் அன்னதானம் முடிந்து, எல்லோரும் உண்ட களைப்போடு மண்டபத்தில் வந்து உட்கார்ந்ததும் அந்தத் தாம்பாளம் மேடைக்கு வரும். மேலே ஒரு சிவப்புத் துண்டு போர்த்தியிருக்கும். துண்டுக்கு அடியில் தேயிலை, பாதி இளங்கொழுந்து, பாதி முற்றிய இலை. பட்டிமன்றத்தில் பேசப்போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, கண்ணை மூடிக்கொண்டு, துண்டுக்குள் கைவிட்டு ஓர் இலையை எடுக்க வேண்டும். கொழுந்து வந்தால் தலைப்புக்கு ஆதரவாகப் பேச வேண்டும். முற்றிய இலை வந்தால் எதிர்த்துப் பேச வேண்டும். தலைப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கட்சி மட்டும் மேடையில்தான் தெரியும். மலேசியாவின் கேமரன் மலையில் வேறு எந்தத் தோட்டத்திலும் இந்தப் பழக்கம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இப்படி ஓர் அசட்டுத்தனத்தை இரண்டு தோட்டங்கள் செய்திருக்க வாய்ப்பும் இல்லை.

இதைக் கொண்டுவந்தவர் கோயில் செயலாளராக இருந்த ஆபீஸ் குமாஸ்தா; கிராணி என்போம். அதற்கு முன்பு காகிதச் சீட்டுதான் குலுக்கிப் போட்டார்கள். சீட்டின் முனையை யாரோ மடித்து அடையாளம் வைக்கிறார்கள் என்று ஒரு வருடம் பெரிய தகராறு வந்தது. கிராணி யோசித்தார். காகிதத்தில்தானே கள்ளத்தனம் செய்ய முடியும், இயற்கையில் யார் கள்ளத்தனம் செய்ய முடியும் என்று இலைக்கு வந்தார். நல்ல மனிதர், நேர்மையானவர், ஆனால் வாழ்நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவர். தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் முன்னால் துண்டைப் போர்த்தி இலையை வைத்தால் மறைத்ததாகிவிடும் என்று அவர் மனதார நம்பினார். இப்போது மலையில் கத்தரியும் இயந்திரமும்தான் கொழுந்தை வெட்டுகின்றன. ஆனால் என் பெரியம்மா வயதுப் பெண்கள் விரலால் கிள்ளிப் பழகியவர்கள். மழையில், பனியில், பக்கத்து நிரையில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, இலையைப் பார்க்காமல் பறித்தவர்கள். அவர்களுக்குத் துண்டென்ன, துப்பட்டி என்ன?

வருடா வருடம் பெண்கள் தங்களுக்கு வேண்டிய கட்சியைத் தடவிப் பார்த்து எடுத்தார்கள். எடுத்துவிட்டு, "ஐயையோ, எனக்குப் போயி இது வந்துருச்சே!" என்று நெஞ்சில் கைவைப்பார்கள். அந்த நடிப்புக்கே தனிப் பரிசு கொடுத்திருக்கலாம். ஆபீஸிலும் தொழிற்சாலையிலும் லோரியிலும் வேலை செய்த ஆண்களுக்கு இது கடைசிவரை தெரியாது. கிராணி ஓய்வு பெற்று இறங்கிப் போகும்போதுகூட, தாம் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக இதையும் சொல்லிவிட்டுத்தான் போனார். பெண்கள் எல்லோரும் பலமாகக் கைதட்டினோம்.

என் பெரியம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இவ்வளவு நேரம் இலையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர் ஒரு வருடம் அந்தத் தாம்பாளத்திலிருந்து எடுத்த கட்சியைப் போல ஒன்றை நான் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பார்த்ததில்லை. நான் இன்று ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆசிரியை. மாணவர்களை விவாதப் போட்டிகளுக்குத் தயார் செய்கிறேன். நிறைய மேடைகளைப் பார்த்துவிட்டேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். பெரியப்பா சீக்கிரமே தவறிவிட்டார். ஒரே மகன். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; கூடப் பிறந்த அண்ணன் இருந்திருந்தால் இவ்வளவு சண்டை போட்டிருப்பேனா என்பது சந்தேகம். அண்ணன் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதற்கு முன்பு யாரும் சேர்ந்ததில்லை. "அந்தம்மா மகன் அஸ்கார்ல இருக்கான்" என்று ஆள் அடையாளம் சொல்லும் அளவுக்கு அது ஒரு செய்தியாக இருந்தது. கொழுந்து ஏற்றும் லோரியில் எங்கள் மலை வளைவுகளில் வண்டி பழகியவர் என்பதால் அங்கே அவருக்குக் கவச வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. பெரியம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். "வண்டிதான ஓட்டுறான், அதுக்கென்ன" என்பார். சொல்லிவிட்டு, கேட்டவர் அடுத்த கேள்வி கேட்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

அந்த வருடம் ஆப்பிரிக்காவில் ஒரு நாடு எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் எரிந்துகொண்டிருந்தது. நாட்டின் பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்கள் குடும்பத்தில் இன்றும் சண்டை வரும். பல காலமாக நாற்காலியை விட்டு இறங்காத ஒரு மனிதன், தெருவில் வந்து நின்ற தன் மக்களையே சுட்டுக்கொண்டிருந்தான். வெளிநாடுகள் சேர்ந்து படை அனுப்பலாமா என்று உலகமே பேசியது. நம் நாடும் ஒரு பிரிவை அனுப்பக்கூடும் என்று செய்தி வந்தது. லயத்து இளைஞர்கள் அந்தக் காணொளிகளைப் பார்த்துக் கொதித்துப்போயிருந்தார்கள். குடும்பத்தை நடத்துவதில் கெட்டிக்காரர் கணவனா மனைவியா என்று வருடா வருடம் அரைத்த மாவையே அரைத்தது போதும், இந்த முறை இதைப் பேசுவோம் என்று கோயில் கமிட்டியில் வாதாடி வாங்கிவிட்டார்கள். மக்களைக் கொல்லும் ஆட்சியைக் கவிழ்க்க அந்நியப் படை நுழையலாமா, கூடாதா? இதுதான் தலைப்பு. பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆசிரியர் பயிற்சியில் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற வயது. பெரியம்மா எப்போதும் பேசுகிறவர். அவர் இல்லாமல் எங்கள் தோட்டத்தில் பட்டிமன்றம் கிடையாது.

திருவிழாவுக்கு முன்பு ஒரு காலையில் அன்னதானத்துக்காகத் திரிங்காப்பிலிருந்து லோரியில் முட்டைக்கோஸ் வந்து இறங்கியிருந்தது. கோயில் கொட்டகையில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து நறுக்கினோம். மற்றவர்கள் பசியாற எழுந்து போன சமயத்தில், பெரியம்மா கத்தியை நிறுத்தாமல் என்னிடம் சொன்னார்.

"அண்ணன் போன் அடிச்சான். அந்த நாட்டுக்குப் போறதுக்குப் பேரு குடுத்துட்டானாம்."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"நீ வேணாம்னு சொன்னா பேர எடுத்துர்றேன்மா, ஆனா நீதான் சொல்லணும்ங்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"திருவிழா முடியட்டும்னேன்."

"வேணாம்னு சொல்லுங்க பெரியம்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு? அவங்க சண்டைக்கு நம்ம அண்ணன் ஏன் சாகணும்?"

"வேணாம்னு சொல்றது ஒரு வார்த்த லா," என்றார். "சொன்னா எடுத்துருவான். எம்புள்ள அப்படித்தான். அதுனாலதான் வாயத் தொறக்கப் பயமா இருக்கு."

முட்டைக்கோஸை நூல் நூலாக அரிந்துகொண்டிருந்தார். பெரியம்மாவின் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான். அந்த நிமிடமே நான் முடிவு செய்துவிட்டேன். பட்டிமன்றத்தில் முற்றிய இலையை எடுக்கிறேன், படை போகக்கூடாது என்று பேசுகிறேன், மண்டபமே எழுந்து நின்று கைதட்டும்படி பேசுகிறேன். பெரியம்மாவும் நிச்சயம் அந்தப் பக்கம்தான் வருவார். இருவரும் சேர்ந்து பேசினால் எதிரில் யார் நிற்க முடியும்? அதற்குப் பிறகு அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பு வந்துவிடும். கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தது.

பட்டிமன்றத்தன்று மலையில் மழை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் ஒலிபெருக்கியே திணறியது. நடுவர் ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சு வரக்கூடாதென்று வெளியூரிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். வயதில் மூத்தவர் என்று பெரியம்மாவை முதலில் கூப்பிட்டார்கள். அவர் கண்ணை மூடித் துண்டுக்குள் கையை விட்டார். வழக்கமாகப் பெண்கள் கையை விட்ட வேகத்தில் எடுத்துவிடுவார்கள். ரொம்ப நேரம் தடவினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பெரியம்மாவின் கை வெளியே வரவில்லை. உள்ளே இலைகளின்மேல் அது அசைவது துண்டில் தெரிந்தது. முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் கையை வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினார். இரண்டு இலையும் மொட்டுமாக, தளதளவென்று கொழுந்து.

படை போகலாம் என்று பேச வேண்டிய கட்சி.

பின்வரிசை ஆண்கள் உச்சுக்கொட்டினார்கள். "மகன அஸ்கார்ல வச்சிக்கிட்டு இந்தம்மாவுக்குப் போயி இது வருது பாரு, நேரம் லா!" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். பெண்களுக்கு நேரமும் தெரியும், காலமும் தெரியும், பெரியம்மாவின் விரலும் தெரியும். என் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பெரியம்மா இந்த முறை நெஞ்சில் கைவைத்து நடிக்கவில்லை. இலையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, என்னை ஒருமுறை பார்த்தார். எனக்கு வந்தது கோபம்தான். மகனை அனுப்ப இவருக்கு மனம் எப்படி வந்தது என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடு போய், தேடி, முற்றிய இலையை எடுத்தேன்.

என் பேச்சை இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன். நம் முப்பாட்டன்களைக் கப்பலில் ஏற்றிவந்தவனும் உங்கள் நல்லதுக்குத்தான் என்றுதான் சொன்னான் என்று ஆரம்பித்தேன். மண்டபம் அதிர்ந்தது. குண்டுக்குக் கொடுங்கோலன் வீடு எது, அடுத்த வீடு எது என்று தெரியுமா என்று கேட்டேன். அந்த மனிதனின் படையில் நிற்கிறவனும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைதானே, அவனைச் சுட்டால் அழுவது யார்? உலகத்தில் எத்தனையோ கொடுங்கோலர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு விருந்து, சிலருக்குக் குண்டு. யாருடைய மண்ணுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இவர்களுக்கு இரக்கம் வருகிறது. பெரியவன் ஒருவன் விழுந்தால் அந்த இடத்தில் சின்னவர்கள் பலர் முளைப்பார்கள். தன் கொடுங்கோலனைத் தானே இறக்கிய மக்கள்தான் தன் காலில் நிற்பார்கள். இப்படி மூச்சு விடாமல் பேசி உட்கார்ந்தேன். பெரியம்மாவின் கட்சியில் அவருக்குத் துணையாக வந்த தோட்டத்து லோரி ஓட்டுநர் ஒருவர் பேச எழுந்து, அந்தச் சர்வாதிகாரியின் தொப்பியையும் மீசையையும் பற்றியே பேசித் தன் நேரத்தைத் தீர்த்தார். நன்றாகச் சிரித்தோம். பெரியம்மாவைக் காப்பாற்ற ஆளில்லை.

பெரியம்மா எழுந்தார். "எந்தங்கச்சி மக நல்லாப் பேசுனா. நானும்தான் கைதட்டுனேன்," என்றார். "எண்ணெய்க்காகத்தான் வர்றான்கிறா. இருக்கட்டும். தீ அணைக்கிற வண்டியில வர்றவன் சம்பளத்துக்குத்தான வர்றான்? வீடு பத்தி எரியும்போது, நீ சம்பளத்துக்கு வந்தவன், திரும்பிப் போன்னு சொல்லுவியா? கீழ லெம்பா பெர்த்தாம்ல ராத்திரி ஆத்துச் சேறு வந்து வீடெல்லாம் மூடுச்சு. மறுநாள் காலையில நம்ம பயலுக யார் வீடு, என்ன சாதி, என்ன சனம்னு கேட்டா எறங்குனாங்க? யாராச்சும் பத்திரிக வச்சு அழச்சாங்களா?"

குறுக்குக் கேள்வி கேட்க எங்கள் மேடையில் அனுமதி உண்டு. நான் எழுந்தேன். "மண்வெட்டியோட போனாங்க பெரியம்மா. துப்பாக்கியோட போகல." மண்டபம் முழுக்க எனக்குக் கைதட்டல். பெரியம்மாவும் சிரித்தார். அவர் சிரித்தால் கவனமாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

"சரியாச் சொன்ன. சேத்துக்குக் கையில துப்பாக்கி இல்ல. அங்க மூடுறவன் கையில இருக்கு. நீ மண்வெட்டிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போனா உன்னையும் சேத்து மூடிருவான்." அதற்கும் கைதட்டல் வந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு அவர் குரல் இறங்கியது. ஒலிபெருக்கி இருந்தும் எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டோம்.

"இந்த லயத்துல ஒரு கதவ நான் ஒடச்சேன். பழைய ஆளுங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பம் இப்ப இங்க இல்ல, அதுனால சொல்றேன். அவன் தெனமும் அவளப் போட்டு அடிப்பான். நாம எல்லாரும் என்ன பண்ணோம்? குடும்ப விஷயம், நாம தலையிடக் கூடாதுன்னு ரேடியோவ சத்தமா வச்சோம். நானும்தான் வச்சேன். ஒரு நாள் அவ கத்துற சத்தம் நின்னு போச்சு. அம்மிக் குழவிய எடுத்துட்டுப் போயி கதவ ஒடச்சேன். அவன் பின்னால குதிச்சு ஓடிட்டான். எல்லாரும் என்னப் புகழ்ந்தீங்க. ஒடைக்க எவ்வளவு நேரம் ஆச்சு? இப்படி மூச்சு விடுற நேரம். அப்புறம்? கதவில்லாத வீடு. இந்த மலைக் குளிரு. உள்ள அவ, ரெண்டு புள்ளைங்க. வெளிய எங்கயோ அவன். புதுக் கதவு போட தச்சரு இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தாரு. அது வர்றவரைக்கும் அந்த வாசல்ல படுத்தது யாரு? நான்தான். எம்மகன் பக்கத்து வீட்டுல சாப்பிட்டான். அவளாவது நன்றி சொன்னாளா? கதவ ஒடைக்க உன்ன யாரு கூப்டதுன்னு திட்டுனா. அவ திட்டுனதும் நியாயம்தான். நான் ஒடச்சதும் நியாயம்தான்."

மழை குறைந்திருந்தது.

"அதுனால சொல்றேன். படை போகணும். சத்தம் நின்னப்புறம் போயி என்ன பிரயோஜனம்? ஆனா கதவ ஒடச்சிட்டு, கொடியப் புடிச்சு படம் எடுத்துக்கிட்டுத் திரும்பி வர்ற படையா இருந்தா போவேணாம். அந்த ஊருச் சனம் திட்டும். திட்டட்டும். திட்டு வாங்கிக்கிட்டு வாசல்ல படுக்கிறவன்தான் போகணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

வணக்கம் சொல்லக்கூட மறந்து உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் முதலில் பெண்கள் பக்கம்தான் ஆரம்பித்தது.

நடுவர் நேர்மையான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார். அந்த அம்மாவின் பேச்சு தன் மனதைத் தொட்டது என்றார். ஆனால் எப்படிப் போக வேண்டும் என்று நிபந்தனை போட்டதால், எதிர்க்கட்சியின் அச்சம் நியாயமானது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், கதவை உடைத்த கதையில் தன்னைத் திட்டிய பெண்ணைத் தனக்கு எதிரான சாட்சியாக அவரே கொண்டுவந்து நிறுத்திவிட்டார், எனவே வெற்றி படை கூடாது என்ற கட்சிக்கே என்றார். மேடைக் கணக்கின்படி அது சரியான தீர்ப்புதான். நான் நடுவராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எனக்கு ஒரு சுடுநீர் பிளாஸ்க் பரிசு கொடுத்தார்கள். பெரியம்மா முன்வரிசையில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

கூட்டம் கலைந்ததும் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். கோயில் மதிலோரத்தில் ஓர் இடத்தில்தான் தொலைபேசிக்கு அலை கிடைக்கும். தேயிலை மேட்டிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. "அண்ணனுக்கு அடி," என்றார். அடித்துக் கொடுத்தேன்.

"டேய், நான்தான். பசியாறிட்டியா? ... பட்டிமன்றம் முடிஞ்சிருச்சு. தோத்துட்டேன்டா. உன் தங்கச்சி ஜெயிச்சிட்டா, பிளாஸ்க்கு குடுத்தாங்க." அண்ணன் அந்தப் பக்கம் ஏதோ கேலி செய்திருக்க வேண்டும், பெரியம்மா சிரித்தார். பிறகு, "நான் என்ன பேசுனேன்னு இவ சொல்லுவா, கேட்டுக்க. அதுதான் நான் உனக்குச் சொல்றது," என்று சொல்லித் தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டார்.

வெற்றி பெற்ற கட்சியின் பேச்சாளர் நான். பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோற்ற கட்சியின் பேச்சை ஆரம்பத்திலிருந்து ஒப்பிக்கிறேன். தீயணைப்பு வண்டி, பெர்த்தாம் சேறு, உடைந்த கதவு. அண்ணன் அன்று பக்கத்து வீட்டில் சாப்பிட்டவர் அல்லவா, அவருக்கு அந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும். வாசலில் படுக்கிறவன்தான் போகணும் என்ற இடம் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அது துக்கம் மட்டும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற என் பெரியம்மா இவ்வளவு பெரிய கேள்விக்கு ஊரறிய ஒரு பதில் சொல்லிவிட்டு, அந்தப் பதிலின் விலையையும் தானே கொடுக்க நிற்கிறாரே என்ற பெருமையும் அதில் இருந்தது. பெரியம்மா தொலைபேசியை வாங்கி, "கேட்டியா? போயிட்டு வா," என்றார். பிறகு புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

அண்ணன் போனார். அந்த நாட்டின் கதை யாருக்கும் முழு வெற்றி தரவில்லை. அந்த மனிதன் ஓடிப்போனான். சுடுவது நின்றது, பிறகு வேறு ஆட்கள் சுட்டார்கள். நான் மேடையில் சொன்னதில் பாதி நடந்தது, பெரியம்மா சொன்னதிலும் பாதி நடந்தது. அண்ணனின் பிரிவு ஒரு சிறிய ஊரில், சந்தைக்குப் போகும் சாலையைக் காத்து நின்றது. அங்கே பெண்கள் தலையில் கூடையோடு போகும்போது தங்களைத் திட்டுவார்கள் என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வார். அதே பெண்கள், வண்டி ஒரு நாள் இடம் மாறி நின்றால், ஏன் அங்கே நிற்கவில்லை என்று வந்து சண்டை போடுவார்களாம். முதல் பிரிவு திரும்பும் காலம் வந்தபோது அண்ணன் திரும்பவில்லை. அடுத்த பிரிவோடும் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பெரியம்மாவிடம் தொலைபேசியில் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான். "இன்னும் கதவு போடலம்மா." பெரியம்மா அதை எங்களுக்குச் சொன்னபோது முகத்தில் இருந்த வெளிச்சத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அன்று இரவெல்லாம் அவர் தூங்கியிருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணன் உயிரோடு வந்தார். சாலையோரத்தில் வெடித்த ஒன்றில் ஒரு காது போயிற்று. இப்போது ராணுவத்தில் இல்லை. கோலா தெர்லாவில் வீடு எடுத்து, காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பெரியம்மாவும் தோட்டத்தை விட்டு அவரோடுதான் இருக்கிறார். மருமகள் வந்துவிட்டார், பேரப்பிள்ளை வந்துவிட்டான். வீட்டில் எல்லோரும் கத்திக் கத்திப் பேசுவார்கள். அண்ணனின் காதுக்காக ஆரம்பித்து இப்போது அதுவே பழக்கமாகிவிட்டது.

சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். என் பள்ளிப் பிள்ளைகளுக்கு விவாதப் போட்டியில் மறுபடியும் அதே மாதிரி ஒரு தலைப்பு. வேறொரு நாடு, வேறொரு நாற்காலி. படை போக வேண்டும் என்ற கட்சி கிடைத்த பிள்ளைகள் மேசையைத் தட்டி முழங்குகிறார்கள். அவர்கள் பேச்சில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் கேட்கும்போது எனக்கு ஏதோ நெருடியது. இன்றும் நான் படை கூடாது என்ற கட்சிதான். பெரியம்மாவோடு இதைப் பேசி எப்போதும் ஜெயித்ததில்லை, தோற்றதுமில்லை. அன்று கேட்க வேண்டும் என்று தோன்றிய ஒரு கேள்வியை மட்டும் இத்தனை காலம் நான் கேட்டதே இல்லை. பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மகன் ஆசைப்பட்டுவிட்டான், தாய் அவனுக்காக அந்தக் கட்சியை எடுத்தாள் என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லி வைத்திருந்தேன். கேட்டவர்களுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன்.

பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அண்ணன் ஆசப்பட்டாருன்னுதான அன்னிக்கு அந்தக் கட்சிய எடுத்தீங்க?"

"ஆசப்பட்டா? அவன் ஆசைக்கு நான் ஏன் மேடை ஏறணும்? போன்ல சரின்னு சொல்லிட்டுப் போறேன்," என்றார். என்னை ஏதோ பாடம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு கீரையைக் கீழே வைத்தார்.

"அந்த மாசம் பூரா லயத்துல எல்லாரும் என்ன பேசுனாங்க? போனப் பாத்துட்டு, அடிக்கணும் லா, ஆள அனுப்பி அடிச்சு வெரட்டணும் லான்னு ஆளாளுக்குச் சவடால் விட்டாங்க. நம்ம வீட்டுலயும்தான். ஒருத்தர் வீட்டுலயாச்சும் போறதுக்கு ஆள் இருந்துச்சா? நான் விட்டிருந்தா அந்தக் கட்சிய யாராச்சும் ஒருத்தர் எடுத்து, அடுத்த வீட்டுப் புள்ளைய அனுப்பச் சொல்லிப் பேசிட்டுப் போயிருப்பாங்க. அங்க அனுப்ப ஒரு புள்ள இருந்தது என்கிட்ட மட்டுந்தான். அப்ப அத வேற யாருடி பேசுறது?"